கோயில் பாறையில் நின்ற நெட்டையன்

மார்கழி மாதத்துக் காலை. தருமபுரி ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த படுதா குப்புராஜின் கொட்டகைக்கு ஒரு பெண் வந்தாள். வந்தவள் யாரையும் கூப்பிடவில்லை. எதிரே தொங்கிய புதுப் படுதாவைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றுவிட்டாள். நாடகக் கம்பெனி ஒன்றுக்காக எழுதிய வனாந்தரக் காட்சி அது. முன்னால் கரும்பச்சை மரங்கள், பின்னால் ஒன்றன்பின் ஒன்றாய் மூன்று மலைகள்.

"அந்தச் சாம்ப மலைக்கு இப்பக் கெளம்புனாலும், போய்ச் சேரப் பொழுது சாஞ்சிருமுங்க" என்றாள் அவள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல.

மூலையில் சாயத்தில் கலக்க வஜ்ஜிரப் பசை காய்ச்சிக்கொண்டிருந்த ராஜாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சாம்பல் மலைக்குச் சாயம் கலக்கியவனே அவன்தான். நாற்பது வயதாகியும் நாலே முக்கால் அடிக்கு மேல் வளராத ராஜாமணி, கம்பெனி நாடகங்களில் பாலகன் வேஷம் கட்டியே காலத்தை ஓட்டியவன். கம்பெனி கலைந்தபின் குப்புராஜிடம் ஒட்டிக்கொண்டான். சாயம் கலக்குவது சம்பளத்துக்கு. குப்புராஜ் துப்புத் துலக்கப் போகும்போது கூடவே ஓடுவது ஆசைக்கு.

குப்புராஜ் தூரிகையைக் கீழே வைத்தார். "எப்படிம்மா சொல்றே, அவ்வளவு தூரம்னு?"

"நெறத்தப் பாத்தாத் தெரியாதுங்களா? கருப்பா இருந்தாக் கிட்டத்து மலை. நீலமா இருந்தா அதுக்கு அந்தாண்ட. வெளுத்துப் போயிருந்தா ரொம்பத் தூரம். எங்க வத்தல்மலையில கொழந்தைகூடச் சொல்லுமுங்க."

குப்புராஜ் அவளை உட்காரச் சொன்னார். இப்படித்தான் அவரிடம் வழக்குகள் வரும். போலீசுக்குப் போக வழியில்லாதவர்கள், கண்ணால் கண்டும் புரியாத ஒன்றைக் கொண்டுவந்து அவர் முன் வைப்பார்கள். அவரும் பீஸ் என்று எதுவும் கேட்பதில்லை.

அவள் பெயர் ராமக்கா. அவள் சொன்னதன் சுருக்கம் இது. மலைமேல் கோயில் பாறையில் அம்மன் சிலை இருக்கிறது. அதன் முகத்தில் பதித்திருந்த வெள்ளிக் கண்மலர் இரண்டும் போன செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் காணாமல் போய்விட்டன. அதே விடியலில், எதிர்ப்புறம் கேழ்வரகுக் காட்டில் பரண்மேல் காவலிருந்த தீர்த்தன், கோயில் பாறையில் ஓர் ஆள் நிற்பதைப் பார்த்திருக்கிறார். பாறையில் இருக்கும் கல் விளக்குத் தூணின் உச்சிக்கு அந்த ஆளின் தலை இருந்ததாம். அந்தத் தூணுக்குச் சரியான உயரம் உள்ளவன் மலையிலேயே ஒருவன்தான். மற்றவர்கள் கல் போட்டு ஏறி விளக்கேற்ற, அவன் மட்டும் நின்றபடியே ஏற்றுவான். அவன் ராமக்காவின் புருஷன் கரியன்.

"அவுரு வூட்டுல எம்பக்கத்துல தூங்கிட்டிருந்தாருங்க. பொண்டாட்டி சொல்ற சாச்சிய யாரு கேக்கறாங்க? தீர்த்தமாமன் பொய் சொல்ல மாட்டாரு. அவுருதான் எங்க மலைக்கே கண்ணு. நாளைக்கு ஊர்க்கூட்டம். மலைய வுட்டு எங்களக் குடும்பத்தோட எறக்கி வுட்டுருவாங்க. எறங்கி நாங்க எங்கீங்க போறது?"

கடைசிக் கேள்வியில் அவள் குரல் உடைந்தது. ராஜாமணி வஜ்ஜிர அடுப்பை அணைத்தான். இரண்டு துணிகளைப் பைக்குள் திணித்துக்கொண்டு குப்புராஜுக்கு முன்னால் வாசலில் வந்து நின்றான்.

மலையேற்றம் அவனைப் பழிவாங்கியது. கடைசி வளைவுக்கு வந்தபோது ஒரு மேகம் இறங்கி வழியையே மூடிவிட்டது. முன்னால் போன ராமக்காவின் முதுகு தெரிந்தது, பிறகு அதுவும் கரைந்தது. வெள்ளையாய், ஈரமாய், சத்தமே இல்லாத உலகம் அது. எந்தக் கொட்டகையிலும் இப்படி ஒரு காட்சியை ராஜாமணி பார்த்ததில்லை.

"அண்ணா, அதோ தூரத்துல ஒரு பெரிய புளியமரம். அதுவரைக்கும் போயிட்டா உக்காந்து மூச்சு விடலாம்."

பத்தடி நடந்ததும் புளியமரம் அவன் இடுப்புயரத் துவரஞ்செடியாக மாறி நின்றது. ராஜாமணி அதன் கீழே உட்கார முடியாமல் அதன் மேலேயே உட்காரப் பார்த்தான். குப்புராஜ் நின்று, செடியையும் ராஜாமணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நடந்தார்.

மத்தியானத்துக்குள் மேகம் விலகிப் பளிச்சென்று வெயில் அடித்தது. கரியன் அவர்களை வரவேற்றான். வாசற்படியில் குனிந்துதான் வெளியே வந்தான். நிமிர்ந்து நின்றபோது ராஜாமணி அவன் முகத்தைப் பார்க்கக் கழுத்து வலிக்க அண்ணாந்தான். பேச்சில் அவன் பரம சாது. "நான் எடுக்கலீங்க" என்று ஒரே தடவை சொன்னான். பிறகு வந்தவர்களுக்குத் தேன் கொண்டுவந்து வைத்தான்.

பரணுக்குப் போனார்கள். தீர்த்தனுக்கு அறுபது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, கூர்மையான கண்கள். குப்புராஜ் பரண்மேல் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிரே கேழ்வரகுப் பயிர் மெல்ல மேடேறிப் போய் ஒரு வரப்பில் முடிந்தது. வரப்புக்கு அப்பால் ஓர் ஓடைப் பள்ளம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கோயில் பாறை, விளக்குத் தூண், சற்றுத் தள்ளி ஒரு காட்டு மாமரம். பரணிலிருந்து பார்த்தால் வரப்பின் தலைக்கு நேர் மேலே பாறை உட்கார்ந்திருந்தது.

"அன்னைக்கு என்ன பாத்தீங்க? நீங்க பாத்ததை மட்டும் சொல்லுங்க" என்றார் குப்புராஜ்.

"பனி மூடிக் கெடந்துச்சுங்க. பள்ளம் தெரியல, வரப்பு தெரியல. பாறை மேல தூணும் மாமரமும் மட்டும் மங்கலாத் தெரிஞ்சுது. தூணுக்குப் பக்கத்துல ஒரு ஆளு. கம்பளி போத்தியிருந்தான். இடுப்புக்குக் கீழ பனி. தல தூணு உச்சிக்கு இருந்துச்சு. தோளு, ரெண்டு ஆளு அகலம்."

"கிட்டத்துல நின்ன ஆளா இருக்காதா?"

தீர்த்தன் கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "ஆளு நெறமும் தூணு நெறமும் ஒண்ணா வெளுத்திருந்துச்சுங்க. வெளுப்பு ஒண்ணுன்னாத் தூரமும் ஒண்ணு. எனக்கு நெறம் தப்பாது."

"அப்புறம்?"

"அவன் காலடியில கல்லு சரிஞ்ச சத்தம் கேட்டுது. நடந்தான். நாலே எட்டு, தூணுலேருந்து மாமரத்துக்குப் போயிட்டான். அதோட பனியில மறைஞ்சிட்டான்." அவர் குரல் தணிந்தது. "கரியன் எனக்கு மருமகன் மொறைங்க. சொல்ல எனக்கு ஆசையா? கண்ட கண்ணு எப்படிங்க பொய் சொல்லும்?"

அந்த வார்த்தையில் இருந்த வருத்தம் உண்மையானது. ராஜாமணிக்கு அதுதான் குழப்பமாக இருந்தது. பொய் சொல்பவனைப் பிடிக்கலாம், இவரை என்ன செய்வது?

குப்புராஜ் ஒரு கண்ணை மூடி, கட்டை விரலை நீட்டித் தூணை அளந்தார். பிறகு ராஜாமணியைக் கூப்பிட்டு, கோயில் பாறைக்குப் போய் அங்கிருந்து கற்களை உருட்டிவிட்டு வரச் சொன்னார்.

ராஜாமணி ஓடையில் இறங்கி, முட்டியைத் தேய்த்துக்கொண்டு மேலேறி, சின்னதும் பெரியதுமாய்க் கண்ட கல்லையெல்லாம் உருட்டினான். தூணிலிருந்து மாமரத்துக்கும் நடந்து பார்த்தான். அவன் குட்டைக்கால் என்றாலும் நாலு எட்டு எங்கே, பன்னிரண்டைத் தாண்டியது. மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது குப்புராஜ் நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"உருட்டினியா?"

"என்ன அண்ணா இப்படிக் கேக்கறீங்க? கைத்தோலே உரிஞ்சு போச்சு."

"எங்களுக்கு ஒரு சத்தமும் கேக்கலே" என்றார் குப்புராஜ். தீர்த்தனின் நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது.

வரப்போடு நடந்து போனால் அது நேரே தீர்த்தனின் வீட்டில் போய் முடிந்தது. அங்கே அவர் மகள் சின்னக்கா இருவருக்கும் களி போட்டாள். தாயில்லாத பெண். பிரசவத்துக்கு வந்தவள், கைக்குழந்தையோடு இன்னும் அப்பன் வீட்டில்தான் இருந்தாள். ராஜாமணியைவிட அரை விரல் குட்டை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவனுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. மூலையில் ஒரு மண் சட்டித் தண்ணீரில் நந்தியாவட்டைப் பூக்கள் வாடி மிதந்தன. ராஜாமணி களியில் மும்முரமாக இருந்தான். குப்புராஜ் சாயம் படிந்த விரலைக் குழந்தையின் முகத்துக்கு முன்னால் ஆட்டினார். குழந்தை அதையே பார்த்துத் தலையைத் திருப்பியது, பிறகு எட்டிப் பிடித்துக்கொண்டது.

"குழந்தைக்குக் கண் நோவா இருந்ததா தாயி?"

"பத்து நாளு கண்ணே தொறக்கலீங்க. நந்தியாவட்டப் பூவு போட்டும் நோவு கேக்கல. பார்வையே போயிருமோன்னு இருந்துச்சு." சின்னக்கா சோற்றுக் கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "செவ்வாக்கெழமையிலிருந்து தெளிஞ்சிருச்சுங்க."

அன்று மாலை குப்புராஜ் ஊர்க்கவுண்டர் காளியனைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். கூட்டத்தைக் கோயில் பாறையில் வைக்காமல், விடியலிலேயே தீர்த்தனின் பரணடியில் வைக்க வேண்டும். கரியனையும் அங்கேயே அழைத்து வரவேண்டும். ராஜாமணிக்குக் காளியன்மேல்தான் சந்தேகம். மீசை வைத்திருந்த விதம் அவனுக்குப் பிடிக்கவில்லை.

"எல்லாருக்கும் மீசை இருக்கு ராஜாமணி. நாளைக்கு உனக்கு ஒரு வேஷம் இருக்கு. போய்த் தூங்கு" என்றார் குப்புராஜ்.

விடிந்தபோது மலையே இல்லை. பனி எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெறும் வெள்ளைத் துணியாய்த் தொங்கியது. பரணடியில் ஊர் கூடும் முணுமுணுப்பு கேட்டது. ராஜாமணி அதற்குள் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, சுற்று வழியாய் வந்து கேழ்வரகு வரப்பின் மேல் நின்றான். குப்புராஜ் இரவிலேயே பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார். தூணுக்கு நேராக அவர் வரப்பில் நட்டுவைத்த கழி அருகே நிற்க வேண்டும், பிறகு மெல்ல நடக்க வேண்டும், கூப்பிடும்வரை வாய் திறக்கக் கூடாது.

நின்றான். தன் கையே தனக்கு மங்கலாகத் தெரிந்தது. பனி முகத்தைத் தடவிக்கொண்டு போயிற்று. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது. தான் இருக்கிறோமா என்றே சந்தேகம் வந்தது. அப்போது பரண் பக்கமிருந்து ஒரு கிழவியின் குரல், "ஆத்தா" என்றது. அதைத் தொடர்ந்து பலர் ஒரே சமயத்தில் மூச்சை இழுக்கும் சத்தம்.

"அங்க பாருங்க, கோயில் பாறையில. தூணு ஒசரம் நிக்கறான்" என்றது காளியனின் குரல். "அதே ஆளு. கரியன் எங்க?"

"நான் இங்கதான் இருக்கேன் கவுண்டரே" என்றது இன்னொரு குரல், ரொம்பவும் அடக்கமாக.

ராஜாமணி நாலு எட்டு நடந்தான். மறுபடி அந்த மூச்சிழுப்பு கேட்டது. ஆயுசு முழுக்கக் குள்ளன் என்று கேலி பட்டவன், ஒரு ஊரே அண்ணாந்து பார்க்க நெட்டையனாய் நிற்கிறான். ஆனால் அந்தக் கண்கொள்ளாக் காட்சியை அவன் ஒருவனால் மட்டும் பார்க்க முடியவில்லை. அவனுக்கு அது பெரிய வருத்தம்.

"ராஜாமணி, இறங்கி வா" என்று குப்புராஜ் சாதாரணமாகக் கூப்பிட்டார்.

பயிருக்குள் இறங்கிக் கூட்டத்தை நோக்கி நடந்தான். முகங்கள் பனியிலிருந்து ஒவ்வொன்றாய் வெளிவந்தன. எல்லாக் கண்களும் முதலில் அவன் தலைக்கு மேலே எங்கோ பார்த்தன, பிறகு இறங்கி இறங்கி அவன் முகத்துக்கு வந்து சேர்ந்தன. யாரும் சிரிக்கவில்லை.

குப்புராஜ் பரண் கம்பத்தில் சாய்ந்தபடி பேசினார்.

"தீர்த்தன் பொய் சொல்லலே. அவர் பாத்ததைத்தான் நீங்களும் இப்போ பாத்தீங்க. நான் படுதா எழுதறவன். தூரத்து மலையை எப்படி எழுதுவேன்? சாயத்துல வெள்ளையைக் கலந்து வெளுக்கடிப்பேன். பக்கத்துல நிக்கற துணிதான், ஆனா பாக்கறவங்க கண்ணு அதைக் காத தூரம் தள்ளி வச்சுக்கும். அந்த மலைக்குப் பக்கத்துல இந்த ராஜாமணி ஒரு தடவை தெரியாமப் போய் நின்னுட்டான். பாலகன் வேஷம். மலையைத் தாண்டி நின்னுது தலை. கொட்டகையே சிரிச்சுது."

"அது படுதாங்க. இது மலை" என்றார் காளியன்.

"மலைதான். இங்கே வெள்ளை கலக்கறது பனி. வரப்புமேல நின்னவனைப் பனி வெளுக்க வச்சுது. பாறையும் அதே வெளுப்பு. நடுவுல இருக்கற பள்ளத்தை மூடிட்டதால, தூரத்தைச் சொல்ல வேற அடையாளமே இல்லை. உங்க கண்ணுக்கு வெளுப்பு ஒண்ணுன்னாத் தூரமும் ஒண்ணு. அதனால வரப்புல நின்னவனைக் கொண்டுபோய்ப் பாறையில நிறுத்திட்டீங்க. அவ்வளவு தூரத்துல இருந்தும் இவ்வளவு பெருசாத் தெரியறான்னா ஆள் நெட்டையனாத்தான் இருக்கணும்னு கண்ணே கணக்குப் போட்டுக்குச்சு. கீழ்நாட்டுக்காரன் பாத்திருந்தா 'ஏதோ ஆளு, எங்கேன்னு தெரியலே'ம்பான். நிறத்தை வச்சுத் தூரம் சொல்ற திறமை இருக்கறதால உங்களுக்குத்தான் இந்தத் தப்பு வரும்."

"இருந்தாலும் கரியன் வரப்புல நின்னிருக்கலாமே?"

"வரப்புல கரியன் நின்னிருந்தாத் தல தூணுக்கு எவ்வளவோ மேல போயிருக்கும். தூணு உச்சிக்குச் சரியா வரணும்னா ஆள் ராஜாமணி அளவுதான் இருக்கணும். தூணுலேருந்து மாமரத்துக்கு நாலே எட்டுன்னு சொன்னார். பாறைமேல யாராலயும் அது முடியாது. வரப்புல நாலு எட்டு வச்சா, பின்னால இருக்கற தூணையும் மரத்தையும் கடந்த மாதிரி தெரியும். கல்லு சரிஞ்ச சத்தம் கேட்டுதுன்னார். நேத்துப் பாறையில மலையே உருண்டும் இங்கே கேக்கலே. அவர் காது சரியான தூரத்தைச் சொல்லிச்சு. அவர் கண்ணைத்தான் நம்பினார்."

ராஜாமணியால் பொறுக்க முடியவில்லை. "அப்ப அந்தக் குட்டை ஆளு யாரு அண்ணா?"

குப்புராஜ் அவனைப் பார்க்கவில்லை. "கரியன் இல்லேன்னு காட்டத்தான் நான் வந்தேன். அது முடிஞ்சுது" என்றார்.

கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தீர்த்தன் மட்டும் மெதுவாகத் திரும்பினார். பரணைப் பார்த்தார், பயிரைப் பார்த்தார், வரப்பைப் பார்த்தார். பனி கொஞ்சம் விலகியிருந்தது. வரப்பு எங்கே போய் முடிகிறது என்று அந்த மலையில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. அவர் முகம் அப்படியே வாடிப்போனதை ராஜாமணி பார்த்தான். கேள்வி கேட்ட தன் வாயை அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

"கவுண்டரே" என்றார் தீர்த்தன். "அன்னைக்கு நான் பாத்தது..."

"நாந்தாங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சின்னக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். மடியிலிருந்து எடுத்து, கண்மலர் இரண்டையும் கரியன் முன்னால் தரையில் வைத்தாள்.

"ஆத்தா கண்ணக் கழுவுன தண்ணி ஊத்தினாக் கண்ணு தொறக்கும்பாங்க. ஊர்த் திருவிழா நோம்பி இல்லாமத் தொடக் கூடாதுன்னாங்க. நோம்பிக்கு ரெண்டு மாசம் இருக்குது. எம்புள்ளைக்கு அதுவரைக்கும் கண்ணு இருக்குமான்னு தெரியல. எடுத்தாந்து கழுவிட்டு அன்னைக்கே வச்சிரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அப்பன் வந்து, பாறையில நெட்டையாளப் பாத்தேன்னாரு. நான் குட்டச்சி. என்னக் காப்பாத்த ஆத்தாளே வேற உருவத்தக் காட்டிருக்கான்னு நெனச்சேன். அந்தப் பழி கரிய மச்சான் தலையில வுழுந்தப்பறம், சொன்னா அப்பன் கண்ணு பொய்யாயிருமேன்னு வாயத் தொறக்கல."

அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. வீண் பழி சுமந்தவன்தான் தண்டம் சொல்ல வேண்டும். அவன் சொன்னதை ஊர் மாற்றாது. காளியன் கரியனைப் பார்த்தார். ராமக்கா கரியனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேற்றுவரை ஒரு குடும்பத்தையே மலையை விட்டு இறக்கவிருந்த வார்த்தை இப்போது அவள் புருஷன் வாயில் இருந்தது. சின்னக்கா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். தீர்த்தன் தலை நிமிரவே இல்லை.

கரியன் குனிந்து கண்மலரை எடுத்துக் காளியனிடம் கொடுத்தான்.

"புள்ளைக்குக் கண்ணு கேட்டவளுக்கு நான் என்னத்தத் தண்டம் போடறது? ஆத்தாளே குடுத்துட்டா" என்றான். தீர்த்தனிடம் போய் நின்றான். "தண்டம் மாமனுக்குத்தான். இனிமே பனி நாளுல ஒத்தையாப் பரண்ல ஏறக் கூடாது. நானும் வருவேன். நீங்க பாருங்க, நான் வரப்புக்குப் போயித் தொட்டுப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

தீர்த்தன் அவன் தலையைத் தொடக் கையைத் தூக்கினார். எட்டவில்லை. கரியன் குனிந்து கொடுத்தான்.